யாருடைய விரதம்?

எங்கள் வீடு சுத்த சைவம். முட்டை என்ற சொல்லே அங்கு வழங்காது. கணக்குப் பரீட்சையில் நான் வாங்கி வந்ததைக்கூட 'பூஜ்யம்' என்றுதான் சொல்லவேண்டும்!

1964-ல் என் தங்கைக்கு டைபாய்டு கண்டது. ஏழு வயது. காய்ச்சல் இறங்கியும் குழந்தை தேறவில்லை. "தினம் ஒரு முட்டை அவித்துக் கொடுங்கள், அம்மா" என்றார் டாக்டர். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் மாட்டுத் தொழுவத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். அதற்கென்று ஓர் அலுமினியப் பாத்திரம் வந்தது. தங்கை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். அந்த நேரத்தில் அப்பா வாசல் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியாது என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். அவர் காலமான பிறகுதான் அம்மா சொன்னாள், காசு கொடுத்ததே அவர்தான் என்று.

அவர்கள் செய்தது பாவமா? இந்தக் கேள்வி என்னை இன்றும் விட்டபாடில்லை.

அப்படி அந்த ஓட்டுக்குள் என்னதான் இருக்கிறது? ஏறக்குறைய 6 கிராம் புரதம். நம் உடம்பு தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் அத்தனையும் அதில் உண்டு. மஞ்சள் கருவில் ஏ, டி வைட்டமின்கள். செடிகொடிகள் தராத பி12. வைட்டமின் சி மட்டும் மருந்துக்கும் கிடையாது. 1968-ல் அமெரிக்க இருதயச் சங்கம் வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் ஆகாது என்றது. பிற்பாடு அந்தக் கண்டிப்பெல்லாம் தளர்ந்துவிட்டது. விஞ்ஞானிகளும் நம்மைப்போல் விரதத்தை மாற்றிக்கொள்கிறவர்கள்தாம்.

காந்தியடிகள் 1942-ல் சிறையிலிருந்தபோது ஆரோக்கியத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய நூலில், சேவல் சேராமல் இட்ட முட்டை குஞ்சாவதில்லை, பால் அருந்துகிறவன் அதை மறுக்கக் காரணமில்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "அவர் சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-ல் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று. 2010-ல் பள்ளி நாள்தோறும் ஒன்று என்றாயிற்று. வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. சைவ நண்பர் ஒருவர் இதைக் கண்டு கொதித்தார். "பருப்பு கொடுக்கட்டுமே, பால் கொடுக்கட்டுமே, ஐயா!" என்றார். பருப்பில் தண்ணீர் ஊற்றலாம், பாலிலும் ஊற்றலாம். முட்டையில் எப்படி ஊற்றுவது? தட்டில் விழுந்தது முழுசா, இல்லையா என்று முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். என் அப்பா தம் விரதத்தைத் திண்ணையோடு நிறுத்திக்கொண்டார். நண்பரோ தம்முடையதை ஊரார் பிள்ளைகளின் தட்டில் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறார். அவருடைய பிள்ளைகளுக்கு வீட்டில் தயிரும் நெய்யும் பாதாமும் இருக்கின்றன.

இவ்வளவு பேசிய எனக்கும் ஒரு முள் உண்டு. பண்ணைகளில் கம்பிக் கூண்டுக்குள் சிறகை விரிக்கவும் இடமில்லாமல் கோழிகள் ஆயுள் முழுவதும் நிற்கின்றன. முட்டையிடும் இனத்தில் சேவலாய்ப் பிறந்த குஞ்சைப் பிறந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். குஞ்சாகாத முட்டையிலும் இந்தக் குஞ்சுகளின் கணக்கு இருக்கிறது. நண்பர் இதைச் சொல்லியிருந்தால் நான் திணறியிருப்பேன். அவர் தீட்டைப் பற்றித்தான் பேசினார்.

எண்பது வயதில் அம்மா மிகவும் மெலிந்துபோனாள். இம்முறை முட்டை சொன்னவர் வேறொரு டாக்டர். கெஞ்சியவள் தங்கை.

"எனக்கு மட்டும் கொடுத்தாயே, அம்மா!"

"உனக்கு ஏழு வயசுடி. உன்னை யார் கேட்டா? எனக்கு எண்பது. என்னைக் கேட்டுட்டுத்தானே தரணும்?"

தங்கை ஒன்றும் பேசாமல் பாலைச் சுடவைக்க எழுந்து போனாள்.