சொல்லும் துணையும்

அறிவுரை கூறுதல் ஒன்று. ஒருவர் தம் நிலையைத் தாமே ஆராய்ந்து முடிவு காணத் துணைநிற்றல் மற்றொன்று. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் ஆகியோர் இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய நேர்கிறது. இவற்றின் எல்லை யாது?

தேக்கா வட்டாரத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதில்லை. அங்குள்ள கஃப் சாலையில், 'டிரான்சியண்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ' என்னும் தொண்டமைப்பு 2008ஆம் ஆண்டில் இலவச உணவுத் திட்டமொன்றைத் தொடங்கியது. வேலையில் காயமுற்று, வருவாய் இழந்து, இழப்பீட்டை எதிர்நோக்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் அங்குப் பசியாறினர். தம் வழக்குக்கு ஆலோசனையும் பெற்றனர்.

இத்தகையோர்க்குச் சிங்கப்பூரில் இரு வழிகள் உண்டு. வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ்க் கோரினால் முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குத் தொடுத்தால் அவ்வரம்பு இல்லை. ஆனால் முதலாளியின் கவனக்குறைவை மெய்ப்பித்தாக வேண்டும். காலமும் செலவும் மிகும். இரு வழியிலும் இழப்பீடு பெற இயலாது.

எவ்வழி நன்று? சட்டம் அறிந்தவர் ஆலோசகர். ஆனால் புதுக்கோட்டையிலோ பெரம்பலூரிலோ வளரும் வட்டியையும், காத்திருக்கும் குடும்பத்தையும், தம் மனத்தின் தாங்குதிறனையும் அறிந்தவர் ஊழியரே. "வழக்குத் தொடு" என்று கட்டளையிடுபவர் தோல்வியின் சுமையைத் தாங்கப் போவதில்லை. ஆதலின் முடிவு ஊழியருக்கே உரியது.

இதனால் ஆலோசகர் வாய்மூடி இருக்கலாமா? இருத்தல் ஆகாது. இச்சட்டத்தின்கீழ் விபத்து நிகழ்ந்த ஓராண்டுக்குள் கோரிக்கை எழுப்ப வேண்டும். அதனைக் கூறாது, "உன் விருப்பம்போல் செய்" என்பது உரிமையை மதிப்பதாகாது, கைவிடுவதாகும். அறியாதவனுக்கு அளிக்கப்படும் உரிமை, இருளில் நிற்பவனுக்குக் காட்டப்படும் ஓவியம் போன்றது.

எனவே இரண்டும் இணையலாம். ஆனால் முறை வேண்டும். முதற்கண் அறிந்தவற்றை மறையாது உரைத்தல். அடுத்து, வினவிச் செவிமடுத்தல். பின்னர், எடுத்த முடிவு தமக்கு உவப்பன்றாயினும் உடன்நிற்றல். ஒருவழியால் தமக்கு ஊதியம் வருமாயின் அதனையும் முன்னரே சொல்லிவிடல் வேண்டும். மறைத்த ஆதாயம் நல்லுரையையும் நஞ்சாக்கும்.

வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். 'தெரிந்துசெயல்வகை' எனப் பிறிதொன்றும் வகுத்தார். துணை தேடியவனுக்கும் தெரிந்து செய்யும் கடமை நீங்குவதில்லை. மேற்படிப்புக் குறித்து மாணவன் கேட்கும்போது ஆசிரியர் நினைவிற்கொள்ள வேண்டியதும் இதுவே. பாதையின் மேடுபள்ளங்களை அவர் காட்டலாம்; நடக்கும் கால்கள் மாணவனுடையவை.