துண்டுக்கு அடியில்

ராயப்பன்பட்டியில் எங்கள் தோட்டத்துக்குத் திராட்சை வியாபாரி வருகிற நாளன்று வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அவர் காதுபட யாரும் பணக்கஷ்டத்தைப் பற்றிப் பேசக்கூடாது. பத்து வயதில் நான் அந்தச் சட்டத்தை மீறினேன். பந்தலுக்குக் கீழே நின்றிருந்த வியாபாரி என் தலையைத் தடவி, "அக்காவுக்குக் கல்யாணமாமே, எப்பப்பா?" என்று கேட்டார். "வர்ற மாசம்" என்று பெருமையாகச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். "நகைக்கு இன்னும் காசு சேரலைன்னு அம்மா அழுதுச்சு" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அன்றைக்கு விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் இறங்கியது. அப்பா என்னைத் திட்டவில்லை. சாயங்காலம் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு, "நம்ம அவசரம் தெரிஞ்சவன்கிட்ட யாவாரம் பேச முடியாதுப்பா" என்று மட்டும் சொன்னார்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் எந்தக் குறியீடும் பழத்துக்குப் பொறுமையைக் கொடுப்பதில்லை. பழுத்த கொத்தின்மேல் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை யாரும் வாங்க மாட்டார்கள். வியாபாரிக்கு இன்னொரு தோட்டம் இருக்கிறது, நாளைக்கும் வரலாம். எங்களுக்கு அந்தக் கொத்து மட்டும்தான். இந்த நிலைமையில் விவசாயியிடம் இருக்கும் ஒரே பலம், அவனுக்கு எவ்வளவு அவசரம் என்பது எதிராளிக்குத் தெரியாமல் இருப்பதுதான்.

மாட்டுச் சந்தையில் இதற்கு ஒரு ஏற்பாடே உண்டு. தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நிற்பார்கள், மாடு எல்லோர் கண்ணெதிரிலும் நிற்கும், விலை மட்டும் துண்டுக்கு அடியில் நடக்கும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த பேரம் கெட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நான் பிழைப்பது அந்தத் துண்டை விலக்குகிற தொழிலில்.

2011இல் பொறியியல் முடித்துச் சென்னையில் ஒரு சிறிய டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் வேலை, கீவேர்ட் ரிப்போர்ட் எடுப்பது. கூகுளில் ஒருவர் எதையோ தேடி, வருகிற முடிவுகளில் ஒன்றைச் சொடுக்கினால், அவர் தட்டச்சு செய்த வார்த்தைகளும் அந்த இணையதளத்துக்குப் போய்ச் சேரும். பிரவுசர் அந்த முகவரியை 'ரெஃபரர்' என்று கூடவே அனுப்பிவிடும். தளத்தின் சொந்தக்காரர் மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, யார் யார் என்ன கேட்டுத் தன் வாசலுக்கு வந்தார்கள் என்று படிக்கலாம். பெயர் இருக்காது. கேள்வி இருக்கும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் குழந்தைப்பேறு சிகிச்சை மருத்துவமனை ஒன்றும் இருந்தது. அதன் ரிப்போர்ட்டைத் திறந்த முதல் நாள் எனக்குக் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை. ஜனங்கள் ஒற்றை வார்த்தையில் தேடுவதில்லை, முழு வாக்கியமாகக் கேட்கிறார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆனபின் கேட்கிற கேள்வி, மாமியாருக்குத் தெரியாமல் பரிசோதனை செய்ய முடியுமா என்ற கேள்வி, புருஷன் வரமாட்டேன் என்றால் என்ன செய்வது என்ற கேள்வி. பக்கத்தில் இருந்த சீனியர், "எதுல கன்வெர்ஷன் அதிகம்னு பாரு" என்றார். பார்த்தேன். துயரம் அதிகமாக இருந்த வாக்கியங்களில்தான் அதிகம்.

அதே வருஷம் அக்டோபரில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லாக்-இன் செய்து தேடுபவர்களின் தேடல் இனி மறையாக்கம் செய்யப்படும், அவர்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடினார்கள் என்பது தளங்களுக்குப் போகாது. எங்கள் ரிப்போர்ட்டில் வாக்கியங்கள் ஒவ்வொன்றாக மறைந்து, அந்த இடத்தில் 'நாட் ப்ரொவைடெட்' என்ற இரண்டு வார்த்தைகள் வந்து உட்கார்ந்தன. 2013 செப்டம்பருக்குள் இது எல்லோருடைய தேடலுக்கும் விரிந்தது. ஆபீஸ் இழவு வீடு மாதிரி ஆனது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி.

நிம்மதி நீடிக்கவில்லை. அறிவிப்பில் ஒரு விலக்கு இருந்தது. சாதாரண முடிவைச் சொடுக்கினால்தான் வார்த்தைகள் மறைக்கப்படும். காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தைச் சொடுக்கினால், பழையபடியே அனுப்பப்படும். 2014இல்தான் அந்த வழியும் அடைக்கப்பட்டது. அப்போதும் விளம்பரதாரர்களுக்கென்று தனி அறிக்கையில் தேடல் வார்த்தைகள் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. துண்டைப் போட்டது உண்மைதான். ஆனால் துண்டுக்குள் கையை விட ஒரு கட்டணமும் வைத்திருந்தார்கள்.

பெயர்தான் இல்லையே, என்ன கெட்டுவிட்டது என்று அப்போது நாங்களும் சொல்லிக்கொண்டோம். அதற்கான பதில் 2006லேயே கிடைத்துவிட்டிருந்தது. ஏஓஎல் நிறுவனம் ஆராய்ச்சிக்காக என்று சுமார் 6.5 லட்சம் பயனர்களின் மூன்று மாதத் தேடல்களை, ஏறத்தாழ 2 கோடி வரிகளை, பொதுவில் வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் 4417749 என்ற எண்ணின் கீழிருந்த தேடல்களை வாசித்தே ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு வயதான பெண்மணியின் வீட்டுக்கதவைத் தட்டிவிட்டார்கள். அவர் தன் ஊர்ப்பெயரைத் தேடியிருந்தார், உறவினர்களின் பெயரைத் தேடியிருந்தார், உடம்புக் கோளாறுகளையும் தேடியிருந்தார். ஒருவரின் கேள்விகளை வரிசையாக அடுக்கினால் அதுவே அவருடைய முகமாகிவிடுகிறது.

எங்கள் ஊர் மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் கேட்கும் இடத்தில் ஒரு தட்டி இருக்கும். அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் நாம். சொன்னதைச் சாமியார் வெளியே சொல்லமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னாளில்தான் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 984ஆம் பிரிவைப் படித்தேன். ரகசியம் வெளியாகும் ஆபத்து துளியும் இல்லாதபோதும், அங்கே கேட்டறிந்ததைச் சொன்னவருக்குப் பாதகமாகப் பயன்படுத்துவதை அது முற்றிலும் தடுக்கிறது. வாயை மூடிக்கொண்டால் மட்டும் போதாது, தெரிந்ததை வைத்துக் காய் நகர்த்தவும் கூடாது. எங்கள் துறையில் 'உங்கள் தகவலை யாருக்கும் விற்பதில்லை' என்று எழுதுவோம். பெரும்பாலும் அது உண்மையும்கூட. விற்பதற்குத் தேவையே இல்லை, பயன்படுத்தினாலே போதும்.

இனி இரண்டாவது விஷயம், உறவுகள். 2012 ஜனவரியில் கூகுள் நம் நண்பர்களின் பதிவுகளையும் படங்களையும் நம் தேடல் முடிவுகளுக்குள் கலந்தது. அதே ஆண்டு ஃபேஸ்புக் 'கஸ்டம் ஆடியன்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஒரு கடைக்காரரிடம் இருக்கும் வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை ஏற்றினால், அந்த எண்ணுக்குரியவர்களை ஃபேஸ்புக் கண்டுபிடித்து விளம்பரம் காட்டும். எண்களை 'ஹாஷ்' செய்துதான் ஏற்றுவோம், அதாவது படிக்க முடியாத எழுத்துச்சரமாக மாற்றி. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே முறையில் மாற்றுவதால் சரியாகப் பொருந்திவிடும். அடுத்த வருஷமே 'லுக்அலைக்' வந்தது. இந்த ஆயிரம் பேரைப் போலவே இருக்கும் இன்னும் லட்சம் பேரைக் கொடு என்று கேட்கலாம். கொடுக்கும்.

இங்கேதான் 'சம்மதம்' என்ற சொல் என் கையில் உடைந்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தபோது ஃபேஸ்புக் இந்தியாவுக்கான கணக்கைச் சொன்னது. அந்தச் செயலியை நிறுவிய இந்தியர்கள் 335 பேர். அதனால் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் சுமார் 5.62 லட்சம் பேர். 335 பேர் சரி என்று ஒரு பொத்தானை அழுத்தினார்கள். மீதிப் பேர் செய்த ஒரே காரியம், அவர்களுக்கு நண்பர்களாக இருந்தது. உறவு என்பது இரண்டு பேருக்குப் பொதுவான வரப்பு. அதை ஒருவர் மட்டும் எழுதிக்கொடுக்க முடியுமா? எங்கள் ஊரில் அப்படி எழுதினால் பத்திரம் செல்லாது.

கொரோனாவுக்குப் பிந்தைய நாட்களில் என் சித்தப்பா மகன் ஒரு கடன் செயலியில் 8,000 ரூபாய் வாங்கினான். தவணை தவறியது. ஒரு மதியம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அவன் படம், அதன்மேல் 'ஏமாற்றுக்காரன்' என்று எழுத்து. எனக்கு மட்டுமில்லை. அவன் போனில் இருந்த எல்லா எண்ணுக்கும் போயிருந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு, மருந்துக்கடைக்காரருக்கு, அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த பெண் வீட்டாருக்கு. அந்தப் பேச்சு அதோடு நின்றது. அவன் அடமானமாக வைத்தது நிலத்தையோ நகையையோ இல்லை, எங்களை.

பணத்தைக் கட்டி முடித்த பிறகு ஒருநாள் கேட்டேன், அந்தச் செயலியை எப்படிடா கண்டுபிடித்தாய் என்று. "நான் எங்கண்ணே கண்டுபிடிச்சேன்? 'அவசரக் கடன்'னு ஒரே ஒரு தடவதான் தேடுனேன். அப்புறம் ரெண்டு நாளா எங்க போனாலும் அதுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு" என்றான்.

அப்படிப் பின்தொடர்வதற்கு எங்கள் தொழிலில் ரீடார்கெட்டிங் என்று பெயர். அதே மாதம் வேறொரு கடன் நிறுவனத்துக்காக அதே வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பட்டியலில் ஒரு பிரிவின் பெயர் 'திடீர்ப் பணத்தேவை'. என் தம்பி மாதிரி ஆட்கள் அதில் வந்து விழுவதற்கான விதிகளை எழுதியவன் நான்.

ஊரிலும்தான் எல்லாருக்கும் எல்லாம் தெரியுமே என்று கேட்கலாம். உண்மை. எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுகூட ரகசியம் இல்லை. ஆனால் டீக்கடைக்காரருக்கு என்னைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எனக்கும் அவரைப் பற்றித் தெரியும். அவர் எல்லை மீறினால் அவர் அம்மாவிடம் போய்ச் சொல்லலாம். ஊர் மறக்கவும் செய்யும், பத்து வருஷத்துக்கு முந்தைய சண்டையை ஒரு சாவு வீடு அழித்துவிடும். நான் எழுதிய விதிகளுக்கு முகம் கிடையாது, அம்மா கிடையாது, மறதியும் கிடையாது. என்னை அறிந்தவன் தன்னை எனக்குக் காட்டாமல் இருப்பதுதான் இங்கே அநியாயம்.

விளம்பரமே பாவம் என்று சொல்ல வரவில்லை. திராட்சை நாற்று எங்கே கிடைக்கும் என்று தேடுபவருக்கு நாற்றுப்பண்ணையின் விளம்பரத்தைக் காட்டுவதில் என்ன தப்பு? கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். ஊரிலிருந்து பழச்சாறு போட்டு விற்கும் என் நண்பனுக்கு அந்த விளம்பரம்தான் கடைத்தெரு. கேள்விக்குப் பதில் சொல்வது வேறு, கேட்டவனைக் குறித்துவைத்துக்கொண்டு அவன் தளர்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போய் நிற்பது வேறு. முதலாவது கடை. இரண்டாவது, பத்து வயதுப் பையனின் தலையைத் தடவி அக்கா கல்யாணத்தை விசாரிப்பது.

சட்டம் சும்மா இருக்கவில்லை. அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் சொன்னது ஒரு தமிழ்நாட்டு வழக்கில்தான். ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவது தொடர்பாக நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கு அது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தார்கள். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. எல்லாம் நல்லதே. ஆனால் அந்தச் சட்டம் பெரிதும் நிற்பது சம்மதம் என்ற ஒற்றைக் காலில். அவசரத்தில் இருப்பவன் எதற்கும் சம்மதிப்பான், அதனால்தான் அவனுக்கு அவசரம் என்று பெயர்.

பிறகு ஒரு மீட்டிங்கில், 'திடீர்ப் பணத்தேவை' பிரிவை எடுத்துவிடலாம் என்றேன். "நாம எடுத்தா இன்னொருத்தன் வச்சுக்குவான்" என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை, சொன்னது பொய்யும் இல்லை. நான் வேறு டீமுக்கு மாறிக்கொண்டேன். அந்த விதிகள் அங்கேயே இருக்கின்றன, வேறு யாரோ பராமரிக்கிறார்கள். வேலையை விட்டேன் என்று எழுத முடிந்தால் இந்தக் கட்டுரைக்கு நல்ல முடிவாக இருந்திருக்கும். வீட்டுக்கடன் இருக்கிறது.

போன லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மேற்கே மலைமேல் மேகம் திரண்டு நின்றது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, நான் வாங்கிக்கொடுத்த போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "திராட்சைப் பழம்... மழைக்கு வெடிக்காம இருக்க... என்ன மருந்து?" பதிலைக் கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்ததையும் கேட்டார். "நகைக்கடனுக்கு... வட்டி எவ்வளவு?"

தெருமுனையில் வியாபாரியின் பைக் சத்தம் கேட்டது. அப்பா சட்டென்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, எதையும் பேசிவிடாதே என்று கண்ணைக் காட்டினார்.