கடைசி மழை மட்டுமா கரையை உடைத்தது?

பாகூர் ஏரிக்கரை ஒரு மழையில் உடைந்தால், விவரம் தெரிந்த விவசாயி அந்த மழையை மட்டும் குறை சொல்வதில்லை. தூர்வாராத வாய்க்காலையும் பழுது பார்க்காத மதகையும் காட்டுவார். வரலாற்றையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

1789 ஜூலை 14-ல் பாரீஸ் மக்கள் பாஸ்டில் சிறையைத் தாக்கிக் கைப்பற்றினார்கள். அது ஒருநாள் கோபமல்ல. போர்க்கடனில் கஜானா காலி. வரிச்சுமை எளியவர் தலையில். பிரபுக்களுக்கும் மதகுருமார்களுக்கும் சலுகை. 1788-ல் ஆலங்கட்டி மழை கோதுமையை அழித்தது. ரொட்டி விலை ஏறியது. காலியான வயிறு, அநீதியான சட்டத்தைக் கேள்வி கேட்டது.

நம் புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனில் உள்ள கீழூரும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1954 அக்டோபர் 18-ல் அங்கே கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் பகுதி இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். வாக்கெடுப்பு ஒரே நாளில் முடிந்தது. அதன் காரணங்கள் ஒரே நாளில் பிறக்கவில்லை. 1936 ஜூலை 30-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள், 1947-ல் சுற்றிலும் விடிந்த சுதந்திரம், 1954 மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை கண்ட தோல்வி என எல்லாம் சேர்ந்தே அந்த நாளைக் கொண்டுவந்தன.

மாணவர்களே, ஆண்டை மனப்பாடம் செய்வதோடு நிற்காதீர்கள். “இது எத்தனை நாளாகச் சேர்ந்தது?” என்று கேளுங்கள். மக்களின் குறையைக் காலத்தில் கேட்டுத் தீர்க்கும் ஆட்சிதான் நிலைக்கும்.