கைப்பிடி உடைந்த கோப்பை

சிங்கப்பூரின் புக்கிட் தீமா சாலை, காலை ஏழு மணி. ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் தமிழிலும் எழுதியிருக்கிறது: டான் கா கீ. படியேறி வெளியே வந்தால், 1919இல் அந்தப் பெயருக்குரியவர் முன்னின்று தொடங்கிய சீன உயர்நிலைப் பள்ளியின் மணிக்கூண்டு. பிள்ளைகள் பையும் கையுமாக என்னைத் தாண்டி ஓடுகிறார்கள். அவர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக நிற்கிறேன்.

*

1890இல் சீனாவின் ஃபூஜியானிலுள்ள ஜிமெய் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்தபோது அவர் மீசை அரும்பாத பையன். சிங்கப்பூரில் தகப்பனாருக்கு அரிசிக்கடை. பின்னாளில் தகப்பனாரின் தொழில் நொடித்தது. அவர் பட்ட கடனைப் பிள்ளை அடைக்க வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. பிள்ளை அடைத்தார். அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

*

அன்னாசியைத் தகரத்தில் அடைத்து விற்றுத் தலைதூக்கினார். 1906இல் 1,80,000 ரப்பர் விதைகளை வாங்கி அன்னாசிச் செடிகளுக்கு நடுவே ஊன்றினார். ரப்பர் பால் தர ஆறேழு ஆண்டாகும். அதுவரை அன்னாசி சோறு போடும்.

என் பாட்டி ஜொகூரில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். இருட்டோடு எழுந்து, உளியைப் பட்டையில் சாய்வாக ஓட்டினால் பால் கோடாக வழிந்து மங்கில் சொட்டும். உளி ஆழப் பட்டால் மரம் காயப்படும் என்பார். மலாயாவின் ரப்பர்ப் பணம் எதுவானாலும் அதற்கடியில் இப்படிச் சில கைகள் இருந்தன. டான் கா கீயின் கொடையை வணங்கும்போது அவற்றையும் சேர்த்தே வணங்குகிறேன்.

*

1913இல் ஜிமெயில் பள்ளி. 1921இல் சியாமென் பல்கலைக்கழகம். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை தரைதட்டியது. கடன் கொடுத்த வங்கிகள் பள்ளிகளுக்குப் போகும் பணத்தைக் குறைக்கச் சொல்லி நெருக்கின. அவர் இசையவில்லை. மாளிகைகளை விற்றுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். 1934இல் அவருடைய கம்பெனி கலைந்தது. அதை நம்பியிருந்த தொழிலாளிகளை எண்ணும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் ஊரில் ஒரு வகுப்பறையின் கதவைச் சாத்த அவருக்குக் கை வரவில்லை என்பது எனக்குப் புரிகிறது. அப்பாவின் கடனை அடைத்த அதே கை அது.

1937இல் பல்கலைக்கழகத்தைச் சீன அரசிடம் ஒப்படைத்தார். அது பிழைத்தது.

*

ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது ஜாவாவில் ஒளிந்திருந்து நினைவுகளை எழுதினார். 1950இல் ஜிமெய்க்கே திரும்பி, போரில் சிதைந்த பள்ளிக் கட்டடங்களை எழுப்பினார். 1961இல் மறைந்தார். மிச்சமிருந்த சேமிப்பும் பள்ளிகளுக்கே போயிற்று.

ஜிமெயில் அவர் இருந்த வீட்டில் ஒரு பீங்கான் கோப்பை. கைப்பிடி உடைந்துவிட்டது. அதைக் கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றி, அந்த வெளிச்சத்தில் படித்திருக்கிறார்.