அளவுகோல் யார் கையில்?

கிரைட்டீரியன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அளவுகோல் என்பது பொருள். பொன்னையும் பித்தளையையும் பிரித்துக் காட்டும் உரைகல் என்றும் கொள்ளலாம். 1984ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய ஒரு நிறுவனம் இந்தச் சொல்லையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. புகழ்பெற்ற திரைப்படங்களைத் தேர்ந்தெடுத்து, பழுது நீக்கி, மெருகேற்றி, வீட்டிலிருந்தபடியே கண்டு களிப்பதற்கான தட்டுகளாக விற்பது அதன் தொழில். முதன்முதலாக 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' ஆகிய இரு படங்கள் லேசர் தட்டில் வந்தன. 1998இல் டி.வி.டி., 2008இல் புளூரே எனத் தட்டின் வடிவம் மாறிற்று, தொழில் மாறவில்லை. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் ஓர் எண் இருக்கும். எண் வரிசை கெடாமல் அலமாரியில் அடுக்கிவைத்துப் பூரிப்பவர் பலர். திரைக்கலை பயிலும் மாணவனுக்கு அது நூலகம். ரசிகனுக்கோ அது கோயில் — பொறுத்தருள வேண்டும், அவன் பக்திக்கு வேறு சொல் கிடைக்கவில்லை!

2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு அந்த அலமாரியைக் கணக்கெடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுள் அமெரிக்கக் கறுப்பின இயக்குநர்கள் ஆக்கியவை எவை என்று தேடியபோது கிடைத்த பெயர்கள் நான்கே நான்கு. ஆஸ்கார் மிஷோ, வில்லியம் கிரீவ்ஸ், சார்லஸ் பர்னெட், ஸ்பைக் லீ. நூறு ஆண்டுகளாகப் படம் எடுத்துவரும் ஒரு மக்களுக்கு, முப்பத்தாறு ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்துவரும் ஒரு நிறுவனம் தந்த இடம் அவ்வளவே.

வணிகன் விரும்பியதை விற்கிறான். இதில் அறம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். மளிகைக் கடைக்காரர் எந்தப் பருப்பை வாங்கி அடுக்குவது என்பது அவர் விருப்பந்தான். ஆனால், ஒருவர் தம் கடைக்கு அளவுகோல் என்று பெயரிடுகிறார், எண் இடுகிறார், இங்கே இருப்பவை காலத்தை வென்றவை என்று பறைசாற்றுகிறார், ஆசிரியர்கள் அதை நம்பிப் பாடம் நடத்துகிறார்கள். அந்த நிலைக்கு வந்துவிட்ட பிறகு, இல்லாததைப் பற்றியும் அவர் விடை கூறக் கடமைப்பட்டவர். தீர்ப்பு வழங்கும் நாற்காலியில் அமர்ந்துகொண்டு, "நான் வெறும் வியாபாரி" என்று சொல்ல இயலாது.

நிறவெறி பிடித்தவர்களோ என்றால், இல்லை. கதையின் முடிச்சே இங்குதான் இருக்கிறது, தோழர்களே! அந்த அலமாரியில் சப்பானியரான குரோசாவா உண்டு, ஓசு உண்டு. நம் நாட்டு வங்கத்துச் சத்யஜித் ரே உண்டு. அதுவும் எப்படி? 1993இல் இலண்டனில் ஒரு படச்சாலை தீப்பற்றியபோது, ரேயின் 'பாதேர் பாஞ்சாலி' முதலான படங்களின் மூலச் சுருள்கள் கருகிப் போயின. கருகியவற்றை எறிந்துவிடாமல் அமெரிக்கத் திரைக்கலைக் கழகத்தின் காப்பகம் போற்றி வைத்திருந்தது. பின்னாளில் அந்தக் காப்பகத்தோடு கிரைட்டீரியன் கைகோத்தது. இத்தாலியின் பொலோன்யா நகரத்து வல்லுநர்கள் வறண்ட சுருளை நனைத்துப் பதப்படுத்தி, துளை துளையாகக் கையால் ஒட்டிச் சீர்செய்தார்கள். 2015இல் அந்த மூன்று படங்களும் புத்துயிர் பெற்றுத் திரைக்கு வந்தன. கடல் கடந்த ஒரு கலைஞனுக்காக இத்தனை பாடு பட்டவர்களை வெறுப்பர் என்று எப்படி வசைபாடுவது? கூடாது. நன்றி பாராட்ட வேண்டியதை நன்றியோடு சொல்லிவிட வேண்டும்.

ஆனால், வங்காளத்துச் சிற்றூரின் துயரம் விளங்கிய அதே கண்ணுக்கு, தன் நாட்டிலேயே, தன் நகரத்திலேயே, நான்கு தெரு தள்ளி வாழ்பவனுடைய துயரம் ஏன் தென்படவில்லை? தொலைவில் இருப்பவனைப் போற்றுவது எளிது. அவன் நம்மிடம் கணக்குக் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவனோ, "என் பாட்டனை என்ன செய்தீர்கள்?" என்று கேட்பான். அயல்நாட்டு ஞானியின் பெயரை மேடையில் முழங்கிவிட்டு, ஊர்க்கோடியில் இருப்பவனைக் கண்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டும் பெரிய மனிதர்களை நாம் பார்த்ததில்லையா?

நிறுவனத்தின் தலைவர் பீட்டர் பெக்கர் அந்த நாளேட்டுக்கு அளித்த விடை சிந்திக்கத் தக்கது. அவர் சாக்குச் சொல்லவில்லை. தம் பார்வையில் குருட்டுப் புள்ளிகள் உண்டு என்றார். ஜூலி டாஷ் என்ற பெண்மணி 1991இல் இயக்கிய 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' படத்தை முதலில் கண்டபோது தமக்கு அது விளங்கவில்லை என்றும், விளக்கக்கூடியவர் எவரும் தம் பக்கத்தில் இல்லை என்றும் ஒத்துக்கொண்டார்.

அந்தப் படம் யாது? அமெரிக்கத் தென்கடற்கரையை ஒட்டிய தீவுகளில் வாழும் கல்லா மக்களின் கதை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். ஆப்பிரிக்க நினைவும் மொழியும் பிறவிடங்களைவிட அங்கே நீண்டநாள் நிலைத்திருந்தன. 1902ஆம் ஆண்டு, ஒரு பெருங்குடும்பம் தீவை விட்டு வடக்கே குடிபெயரப் போகிறது. முதியவள் வர மறுக்கிறாள். இன்னும் பிறவாத ஒரு குழந்தையின் குரல் கதையின் ஒரு பகுதியைச் சொல்கிறது. நேர்கோட்டில் ஓடும் கதையன்று. பாட்டி பேத்திக்குச் சொல்வது போல் சுற்றிச் சுற்றி வரும் கதை. கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கி, அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக வெளியான முதல் முழுநீளப் படம் அதுதான். 2004இல் அந்நாட்டு அரசின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அதை அளவுகோல் அளக்கவில்லை.

விளங்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஓசு மட்டும் பிறந்தவுடனே விளங்கிவிட்டாரா? அவருடைய 'டோக்கியோ ஸ்டோரி' 1953இல் எடுக்கப்பட்டது. நியூயார்க்கில் முறையாகத் திரைக்கு வந்தது 1972இல். அயல்நாட்டார்க்கு இது பிடிபடாது என்று சப்பானியரே கருதியிருந்தனர். பிறகு விமர்சகர்கள் எழுதினார்கள், பேராசிரியர்கள் சொற்பொழிவாற்றினார்கள், திரையிட்டுத் திரையிட்டுக் காட்டினார்கள். அமெரிக்கக் கண் மெல்ல மெல்லப் பழகியது. இன்று பாயில் அமர்ந்திருக்கும் முதியவரைத் தாழ்ந்த கோணத்தில் காட்டினால் "ஆகா!" என்கிறார்கள். விளக்க ஆள் இருந்தது, விளங்கிற்று. ஜூலி டாஷுக்கு அந்த ஆள் அந்த அறையில் இல்லை.

ஆகவே, "நாங்கள் தரம் ஒன்றையே பார்த்தோம்" என்ற வாக்கியம் பொய்யன்று, அரை உண்மை. தரத்தைப் பார்த்த கண், அதுவரை தேர்ந்தெடுக்கப்பட்டவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். நேற்றைய தேர்வு இன்றைய சுவையை உண்டாக்குகிறது. இன்றைய சுவை நாளைய தேர்வைச் செய்கிறது. இந்தச் சக்கரத்துக்கு வெளியே நிற்பவன் எத்தனை திறமைசாலியானாலும், சக்கரத்துக்கு அவனைத் தெரியாது. தகுதி, திறமை என்ற சொற்களைக் கேட்டுக் கேட்டுப் புளித்த செவிகள் நம்முடையவை. இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை.

வெறுப்பு இல்லையே, மறதிதானே என்று சிலர் ஆறுதல் கொள்வர். வெறுப்பால் ஒதுக்கப்பட்ட சுருளும் மறதியால் ஒதுக்கப்பட்ட சுருளும் பெட்டிக்குள் ஒரே வேகத்தில்தான் மக்குகின்றன.

அந்த மக்கலின் கதையை அறிய ஆஸ்கார் மிஷோவின் வாழ்வைப் பார்க்க வேண்டும். 1884இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். தெற்கு டகோட்டாவின் புல்வெளியில் நிலம் பெற்று உழுதார். புதினம் எழுதினார், தாமே அச்சிட்டு வீடு வீடாக விற்றார். அவர் புதினத்தைப் படமாக்க ஒரு நிறுவனம் முன்வந்தது. இயக்கும் பொறுப்பை அவருக்குத் தர மறுத்தது. அப்படியானால் நானே எடுக்கிறேன் என்றார், எடுத்தார். 1919இல் வெளியான அந்தப் படந்தான் கறுப்பினத்தவர் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளப் படம் எனக் கருதப்படுவது. 1951இல் இறப்பதற்குள் நாற்பது படங்கள் அளவில் ஆக்கிவிட்டார்.

1915இல் கிரிஃபித் என்பார் எடுத்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' கு கிளக்ஸ் கிளான் என்னும் கொலைக் கும்பலை மாவீரர்களாகக் காட்டிற்று. கறுப்பினத்தவர் எதிர்த்துக் கிளர்ச்சி செய்தனர். எனினும் படம் பணமழை பொழிந்தது. இன்றளவும் அதன் கலைநுட்பம் பேசப்படாத திரைவரலாற்று நூல் இல்லை. 1920இல் மிஷோ 'வித்தின் அவர் கேட்ஸ்' என்ற படத்தைத் தந்தார். அப்பாவிக் குடும்பத்தைக் கும்பல் கூடிக் கயிற்றில் தொங்கவிடும் கொடுமையை, தொங்கவிடப்பட்டவர்களின் பக்கம் நின்று காட்டினார். முந்திய ஆண்டுதான் இனக்கலவரத்தில் எரிந்திருந்த சிகாகோவில் தணிக்கையாளர் தடை எழுப்பினர். காலப்போக்கில் படமே காணாமற் போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரே ஒரு பிரதி ஸ்பெயின் நாட்டில் அகப்பட்டது. தலைப்பு ஸ்பானிய மொழியில், இடையிடையே வரும் எழுத்துகளும் ஸ்பானிய மொழியில். அமெரிக்கர் எடுத்த அமெரிக்கப் படத்தின் சொற்களை அயல்மொழியிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து எழுத வேண்டியதாயிற்று!

இடையிலிருந்த அந்த ஐம்பது ஆண்டுகளில் திரைவரலாறு எழுதியவர்கள் என்ன எழுதியிருப்பார்கள்? கிரிஃபித்தைப் பற்றி எழுதினார்கள். கறுப்பினத்தவரின் மறுமொழி கண்ணில் படாததால் அப்படி ஒன்று இருந்ததையே பலர் அறியார். பாதுகாக்கவில்லை, ஆதலால் காணோம். காணோம், ஆதலால் இல்லை. இல்லை, ஆதலால் அவர்களுக்கு அந்தத் திறன் கிடையாது. எவ்வளவு நேர்த்தியான தருக்கம்!

மிஷோவின் படங்களில் குறை இல்லையா? உண்டு. கடன் வாங்கிய வீடுகளில், குறைந்த நாட்களில், மறுபடி எடுக்கப் பணமின்றி எடுத்தவை அவை. வெளிச்சம் ஓரிடத்தில் போதாது. நடிப்பு ஓரிடத்தில் தடுமாறும். அந்தக் குறைகளை மறைத்துப் புகழ்வது அவருக்கும் அவமானம், நமக்கும் அவமானம். ஆனால் 1925இல் வந்த 'பாடி அண்ட் சோல்' படத்தைப் பாருங்கள். பால் ரோப்சன் என்ற மாபெரும் கலைஞன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய படம். சிறையிலிருந்து தப்பிய கயவன் பாதிரி உடை தரித்து, ஊரையே மண்டியிட வைக்கிறான். நம்பிய ஏழைத் தாயின் சேமிப்பையும் அவள் மகளின் வாழ்வையும் சூறையாடுகிறான். தன் இனத்துக்குள்ளேயே நடக்கும் போலிச் சமயச் சுரண்டலைத் தோலுரித்த துணிவு அது. நியூயார்க் மாநிலத் தணிக்கைக் குழு அனுமதி மறுத்தது. வெட்டியும் மாற்றியும் வெளியிட நேர்ந்தது. இந்த வெட்டுக் காயங்களோடு வந்த படத்தை, வெட்டுப்படாத படத்துக்குப் பக்கத்தில் வைத்து "கோவை போதவில்லை" என்று மதிப்பெண் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

உரிமைச் சிக்கல், பணச் சிக்கல் ஆகியவற்றையும் ஒதுக்கிவிட முடியாது. சார்லஸ் பர்னெட் மாணவராக இருந்தபோது, பத்தாயிரம் டாலருக்கும் குறைந்த செலவில், வார இறுதி நாட்களில் 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தை எடுத்தார். லாஸ் ஏஞ்சல்சின் வாட்ஸ் பகுதியில், ஆட்டுத் தொட்டியில் உழைக்கும் ஒரு தொழிலாளியின் சோர்வே கதை. படத்தில் ஒலிக்கும் பாடல்களுக்கு உரிமைத் தொகை கட்ட வழியில்லை. 1990இல் அரசின் பதிவேடு அதை நாட்டின் செல்வம் என்று ஏற்றுக்கொண்டது; நாட்டு மக்களோ பார்க்க முடியவில்லை! 2007இல் மைல்ஸ்டோன் என்ற சிறு நிறுவனம் முயன்று, இசை உரிமைக்கே 150,000 டாலர் அளவில் செலுத்தி வெளியிட்டது. கிரைட்டீரியன் அதற்கு எண் கொடுத்தது 2025இல். 1990க்கும் 2025க்கும் இடையே படத்தில் ஒரு காட்சியும் மாறவில்லை. சிறிய கைகளால் தூக்க முடிந்த சுமையைப் பெரிய கைகள் ஏன் தூக்கவில்லை என்ற வினா எழத்தான் செய்யும். கினோ லோர்பர் என்ற நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி, மிஷோ உள்ளிட்ட தொடக்ககாலக் கறுப்பினப் படைப்பாளிகளின் படங்களை 2016இல் ஒரே தொகுப்பாகத் தந்ததையும் இங்கே நினைக்க வேண்டும்.

2020இன் கண்டனத்துக்குப் பிறகு கிரைட்டீரியன் சும்மா இருக்கவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் ஆஷ்லி கிளார்க் என்ற கறுப்பினத் திரைப்பட ஆய்வாளர் தேர்வுப் பொறுப்பில் அமர்ந்தார். 2021இல் மெல்வின் வான் பீபிள்ஸ் படத்தொகுப்பு, மார்லன் ரிக்ஸ் படத்தொகுப்பு. 2022இல் காசி லெமன்சின் 'ஈவ்ஸ் பாயூ', ஸ்பைக் லீயின் 'மால்கம் எக்ஸ்'. 2023இல் ஷெரில் டன்யேயின் 'தி வாட்டர்மெலன் உமன்'. படங்கள் புதியவை அல்ல. வான் பீபிள்சின் 'ஸ்வீட் ஸ்வீட்பேக்' 1971ஆம் ஆண்டுப் படம். அரை நூற்றாண்டாக அங்கேயேதான் இருந்தது. வந்து சேர்ந்தது தேர்வு மேசையில் ஒரு புதுக் கண். தரம் தாழ்ந்துவிட்டது என்று அழுதவர் உண்டா? வாங்கியவர்கள் வாங்கினார்கள், பார்த்தவர்கள் வியந்தார்கள்.

டன்யேயின் 1996ஆம் ஆண்டுப் படத்தின் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீடியோக் கடையில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண் ஒருத்தி, 1930களின் படமொன்றில் பணிப்பெண்ணாக நடித்த ஒரு கறுப்பின நடிகையைக் காண்கிறாள். படத்தில் அவள் பெயர் இல்லை. 'தர்ப்பூசணிப் பெண்' என்று மட்டும் போட்டிருக்கிறது. அவள் யார் என்று தேடுகிறாள். நூலகம், காப்பகம், முதியவர்களின் நினைவு எல்லாவற்றையும் துழாவுகிறாள். புகைப்படங்கள் கிடைக்கின்றன, காதல் கதை கிடைக்கிறது. இறுதியில் நமக்குத் தெரிவிக்கப்படுவது — அப்படி ஒரு நடிகையே இல்லை. அனைத்தும் இயக்குநரின் புனைவு. உண்மையான நடிகையரின் சான்றுகளைத் தேடிப் போனவருக்குப் போதியன கிடைக்காததால், பழைய புகைப்படங்களையே புதிதாக எடுக்க வேண்டியிருந்தது.

மிஷோவின் 1919ஆம் ஆண்டு முதற்படத்துக்கு 'தி ஹோம்ஸ்டெடர்' என்று பெயர். தகட்டில் பதிக்க இன்று எவரேனும் முன்வந்தாலும், பணம் கொட்டத் துணிந்தாலும், பதிப்பதற்குப் படம் இல்லை. அறியப்பட்ட பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை.