இருபத்து நான்கு கோடுகள்

படிவம் ஆறில், உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நான் எழுதிய ஒரு விடை சரியானது. அது பொய்யும்கூட. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்பதுதான் இத்தனை வருடமாக என்னைக் குடைகிறது.

அன்று கன்னத்தின் உட்புறத்தைப் பல்குச்சியால் சுரண்டி, மெத்திலீன் புளூ விட்டுப் பார்த்தோம். இரண்டு பேருக்கு ஒரு மைக்ராஸ்கோப். நானும் தோழியும் மாறி மாறிக் கண் வைத்தோம். கண்ணருகு லென்ஸுக்குள் மெல்லிய கோடுகள் போட்ட ஓர் அளவுகோல் தெரியும். அந்தக் கோடுகளுக்குச் சொந்தமாக அளவு கிடையாது. 1 மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த ஸ்லைடை அடியில் வைத்து, ஒரு கோட்டுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். 10 மடங்கு லென்ஸில் எங்களுக்கு 10 மைக்ரோமீட்டர் வந்தது. பிறகு 40 மடங்கு லென்ஸுக்குத் திருப்பினோம். லென்ஸ் மாறினால் அந்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

செல்லின் அகலம் 24 கோடுகள். அவள் 240 மைக்ரோமீட்டர் என்று எழுதினாள். நான் நைசாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். 60 என்று போட்டிருந்தது. உடனே என் அட்டவணையில் 24 இருந்த இடத்தில் 6 வந்தது. 6 சென்டிமீட்டர் அகலத்தில் படம் வரைந்து, 60,000 மைக்ரோமீட்டரை 60ஆல் வகுத்து, அடியில் 1000 மடங்கு என்று எழுதினேன். வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு முழு மார்க். அவளிடம் டீச்சர், "பக்கத்துல உள்ளவ எப்படிப் பார்க்கறான்னு பார்த்திருக்கலாம்ல?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

விடை சரிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் உடைந்தது ராபர்ட் ஹூக்கைப் படித்தபோது. 1665இல் வந்த 'மைக்ரோகிராஃபியா'வில் தக்கையின் செல்களை எண்ணியிருக்கிறார்: ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கு நீளத்தில் சுமார் 60. அதை வைத்துக்கொண்டு ஒரு கன அங்குலத்துக்கு 1,259,712,000 என்று போய்விடுகிறார். ('சுமார்' எங்கே போச்சு என்று சிரித்துக்கொண்டேன்.) ஆனால் எண்ணியதை அவர் எழுதி வைத்திருக்கிறார். அதனால், மீட்டர் என்ற அளவே பிறக்காத காலத்து அந்தச் செல்லின் நீளம் ஏறக்குறைய 23.5 மைக்ரோமீட்டர் என்று நான் வீட்டில் உட்கார்ந்தே கணக்குப் போட முடிந்தது. அவர் தவறியிருந்தால்கூட எங்கே தவறினார் என்று தேடிப்போக வழி இருக்கிறது.

தோழியின் நோட்டிலும் அந்த வழி இருந்தது. லென்ஸ் நான்கு மடங்கு கூடினால் ஒரு கோட்டின் மதிப்பு 2.5 மைக்ரோமீட்டராகச் சுருங்கும். 24ஐ 2.5ஆல் பெருக்கினால் 60. அவள் பார்த்தது முழுக்கச் சரி, பெருக்கியதுதான் தப்பு. என் 6க்குப் பின்னால் செல்லே கிடையாது. அன்றைய செல் 50ஆகவோ 70ஆகவோ இருந்திருந்தாலும் நான் 60தான் எழுதியிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்த சோதனைகளில் அவள் லென்ஸில் கண் வைக்கவே தயங்கினாள். "நீயே பாரு லா, எனக்குச் சரியாத் தெரியாது," என்பாள். நான் பார்த்துச் சொல்வேன். அவள் எழுதிக்கொள்வாள்.