யாருடைய நேரம்?

ஷூமாக்கரின் ‘சிறியதே அழகு’ 1973இல் வெளிவந்தது. பெரிய ஆலை, பெரிய இயந்திரம் என்ற மோகத்துக்கு எதிராக, எளிய மனிதர்களின் கைக்கு அடங்கும் தொழில்நுட்பத்தை அந்நூல் கேட்டது. நானும் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன். ஆனாலும் மெதுவானதே நல்லது என்று யாராவது பேசும்போது சற்றுத் தயங்குகிறேன். ஆட்டுக்கல் மாவின் ருசியையும் விறகடுப்புச் சோற்றின் மணத்தையும் புகழ்பவர்களில் குழவியைச் சுற்றியவர்கள், ஊதுகுழலைப் பிடித்தவர்கள் எத்தனை பேர்? நம் வீடுகளில் மெதுவாக நடந்தவையெல்லாம் ஒரு பெண்ணின் பொழுதைத் தின்றே நடந்தன. ஆகவே ஒரு கேள்வியை முன்வைக்க வேண்டியிருக்கிறது: மெதுவாக என்றால் யாருடைய நேரத்தில்?

புகையில்லா அடுப்பின் கதையை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்கலாம்.

1980களின் தொடக்கத்தில், சண்டிகருக்கு அருகே ஹரியானாவின் நாடா கிராமத்தில், கட்டடக் கலை படித்த மது சரின் அங்குள்ள பெண்களோடு சேர்ந்து ஒரு மண் அடுப்பை உருவாக்கினார். புகை குழாய் வழியே வெளியேறும் அடுப்புகள் நம் நாட்டில் அதற்கு முன்பே இருந்தன. நாடாவில் வேலை நடந்த விதம்தான் புதிது. கிராமத்துப் பெண்களே அடுப்பு கட்டும் மேஸ்திரிகளாகப் பயிற்சி பெற்றார்கள். அந்தந்த வீட்டின் பாத்திர அளவையும் சமைக்கும் பழக்கத்தையும் கேட்டுக் கட்டினார்கள். சரியாக எரியாவிட்டால் திரும்ப வந்து திருத்தினார்கள்.

1983இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கணக்கில் ஏறின. இலக்கு, மானியம், எண்ணிக்கை என்று வேலை ஓடியது. கட்டிய அடுப்பு எரிகிறதா என்று பார்க்க வருவது இலக்கில் சேரவில்லை. ஏராளமான அடுப்புகள் விரிசல் விட்டு, குழாய் அடைத்து, கைவிடப்பட்டன.

பின்னர் ஒடிசாவில் ஓர் அடுப்புத் திட்டத்தை எஸ்தர் டுஃப்லோ, ரெமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய பொருளியலாளர்கள் சுமார் 2,600 குடும்பங்களில் நான்கு ஆண்டுகள் வரை ஆராய்ந்தார்கள். முதல் ஆண்டில் சமைப்பவர்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன்பின் அந்தப் பலன் மறைந்தது. முறையான பயன்பாடும் பராமரிப்பும் குறைந்துபோயிருந்தன.

‘பெண்கள் பராமரிக்கவில்லை’ என்று இதைச் சுருக்கிவிடலாம். அப்படிச் சுருக்கினால் குற்றம் அவள்மேல் விழுகிறது. குழாயில் படிந்த கரியைச் சுரண்டுவதும் விரிசலுக்கு மண் பூசுவதும் உழைப்பு. ஏற்கெனவே நிறைந்திருந்த அவளுடைய நாளில் அந்த உழைப்பைக் கூலியின்றிச் சேர்த்துவிட்டுத்தான் அடுப்பு மலிவானது என்று எழுதுகிறோம்.

2016 மே மாதம் வந்த உஜ்வலா பெரிய தீர்வு, வேகமான தீர்வு. பெண்களின் பெயரில் கோடிக்கணக்கான எரிவாயு இணைப்புகள் கிடைத்தன. விறகு சுமக்கும் நேரத்தைக் குறைக்கும் ஒன்றைப் பெரியது என்பதற்காக நான் மறுக்க மாட்டேன். ஆனால் அடுத்த சிலிண்டருக்குப் பணமில்லாத வீடுகளில் விறகடுப்பு தொடர்ந்து எரிந்தது. இணைப்பு கொடுத்த நாளை அரசு எண்ணியது. அதற்குப் பிந்திய நாட்களை அவள் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

நாடாவின் அடுப்பில் நான் மதிப்பது கட்டியவர் திரும்பி வந்ததை. அங்கே நிதானம் வடிவமைப்பில் இருந்தது. கேட்பது, கட்டுவது, மறுபடி போய்ப் பார்ப்பது, மாற்றுவது என்று நேரம் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிதானத்துக்குச் செலவு உண்டு: மேஸ்திரியின் கூலி, மறுமுறை போய்வரும் பயணம், பழுதுபார்க்கும் பணம். அந்தச் செலவைத் திட்டமிடுபவர் ஏற்றால் சிறிய தீர்வு நியாயமானது. அதைச் சமைப்பவள் தலையில் கட்டினால், சிக்கனம் என்ற பெயரில் நடக்கும் சுரண்டல்தான் அது.

பொறியியலும் வடிவமைப்பும் படிக்கும் தோழிகள் எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் கேளுங்கள்: இது பழுதானால் யார் சரிசெய்வார்? அந்த நேரத்துக்கு யார் கூலி கொடுப்பார்? விடை தேடும்போது உங்கள் வேலை தாமதமாகும். ஆகட்டும். நீங்கள் செலவிடும் அந்தச் சில மாதங்கள், அடுப்படியில் நிற்கும் ஒருத்திக்குப் பல ஆண்டுகளை மிச்சப்படுத்தலாம்.